மூன்று, ஐந்து, எட்டு

சூரமங்கலத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சேலம் ஜங்ஷன் இருப்பதே இங்கேதான். தண்டவாளத்தின் அடியில் கருங்கல் ஜல்லி மைல் கணக்கில் கொட்டிக் கிடக்கிறது. வடக்கே வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கரடு. மேற்கே இரும்புத்தாது பொதிந்த கஞ்சமலை. வடகிழக்கே சேர்வராயன் மலை. கொல்லையில் துவைக்கிற கல், தென்னையைச் சுற்றி அடுக்கிய உடைகல், காம்பவுண்டு கட்டியது போக மிஞ்சிய கல் என்று வீட்டுக்கு வீடு ஏதாவது இருக்கும். எந்தக் கல்லானாலும் இரண்டு மழைக்குப் பிறகு பெயர்த்துப் பார்த்தால் அடியில் ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருக்கும். மண்புழு, மரவட்டை, பிள்ளைப்பூச்சி, சில நாள் தேள். இவற்றின் நடுவே செம்பழுப்பு நிறத்தில் ஒன்று சரேலென நெளிந்து அடுத்த கல்லுக்குள் மறையும். அது பூரான்.

ஐப்பசி மழை வலுத்தால் அது வீட்டுக்குள்ளும் வரும். பூச்சிகளின் தோலில் நீரைக் காக்கும் மெழுகுப் பூச்சு உண்டு. பூரானுக்கு அந்தக் காப்பு மிகக் குறைவு. மூச்சுத்துளைகளைப் பூச்சிகள் மூடிக்கொள்வதுபோல் இறுக மூடிக்கொள்ளவும் அதற்கு இயலாது. உலர்ந்த காற்றில் கிடந்தால் உடல் நீர் வற்றிச் செத்துப்போகும். பகலெல்லாம் கல்லடியின் ஈரம்தான் அதன் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஈரமே வெள்ளமாகி வளையை நிரப்பினால் ஓட வேண்டியதுதான். குளியலறைச் சாக்கடைத் துளை, வாசற்படி இடுக்கு, சுருட்டி வைத்த பாய் என்று கிடைத்த இடத்தில் புகும். செருப்பும் விளக்குமாறும் அங்கே தயாராக இருக்கும். காரணமில்லாமல் உடம்பு தடித்தால், "பூரான் ஊர்ந்திருக்கும் சாமி" என்று அம்மாயி குப்பைமேனித் தழையை உப்பு வைத்து அரைக்கத் தொடங்குவார். அந்தப் பயத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பெரிய பூரான் கடித்தால் வலி கடுமையானது. குழந்தையைக் கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அடித்துப் போட்டதும் முறத்தில் அள்ளி வெளியே எறியும் முன் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம்.

முதலில் கால்களை எண்ண வேண்டும். சேலத்துச் சமவெளியில் கண்ணில் படும் பெரிய பூரான் பெரும்பாலும் ஸ்கோலோபென்ட்ரா என்ற பேரினத்தையோ அதன் நெருங்கிய சொந்தங்களையோ சேர்ந்தது. அதற்கு 21 ஜோடிக் கால்கள். நூறு கால் என்பது பேச்சுக்குச் சொல்வது. உலகில் 3,000-க்கும் மேற்பட்ட பூரான் இனங்கள் உண்டு. அவற்றில் முதிர்ந்த எதற்கும் இயல்பாக நூறு கால் அமைவதில்லை, அமையவும் முடியாது. ஜோடிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும்: 15, 21, 23, மண்ணுக்குள் ஊரும் நூல்போன்ற பூரான்களில் 27 முதல் 191 வரை. நூறு காலுக்கு 50 ஜோடி வேண்டும், ஐம்பதோ இரட்டைப்படை. பிரிட்டன் கடலோரக் கற்களுக்கிடையே வாழும் ஒரு பூரானின் கருவை ஆராய்ந்தவர்கள், அதன் உடற்கண்டங்கள் இரண்டிரண்டாக உருவாவதை 2004-இல் எடுத்துக்காட்டினார்கள். அப்படியானால் கால் ஜோடிகள் இரட்டைப்படையில் அல்லவா வர வேண்டும்? தலையை ஒட்டிய முதல் ஜோடியைப் பாருங்கள். அது நடப்பதை விட்டுவிட்டு, வளைந்து, கூர்மையாகி, உள்ளே நஞ்சுச் சுரப்பியைத் தாங்கிய கொடுக்காகிவிட்டது. பூரான் கடிப்பது வாயால் என்று நினைக்கிறோம். உண்மையில் முன்னங்காலால்தான் கடிக்கிறது. பூரான் குலத்துக்கு வெளியே வேறெந்த உயிருக்கும் கால் இப்படி நஞ்சூட்டும் கொடுக்காக மாறியதில்லை. அந்த ஜோடியையும் சேர்த்து எண்ணினால் கணக்கு இரட்டைப்படைக்கு வந்துவிடுகிறது.

இந்தப் பூரானை நன்றாகப் புரிந்துகொள்ள, அதன் சொந்தம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்பூரான். லித்தோபியஸ் என்பது அதன் பேரினப் பெயர். குளிர்ந்த நாடுகளில்தான் அதன் பெருங்கூட்டம் வாழ்கிறது. இந்தியாவில் இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த பதிவுகளே மிகுதி. ஐரோப்பியத் தோட்டம் ஒன்றில் கல்லைப் புரட்டும் சிறுவன் பார்ப்பது பெரும்பாலும் அதையே. பளபளக்கும் பழுப்பு, நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். நம் பூரானைப் பார்த்த கண்ணுக்கு அது குட்டியாகத் தெரியும். ஐந்தாறு ஆண்டு உயிர் வாழும் என்பது அவ்வளவு சிறிய உடலுக்கு நீண்ட ஆயுள்தான்.

அதன் உடலைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டு வரலாம், அவசரமில்லாமல். தட்டையான தலை, கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே நுழைவதற்கென்றே தட்டையானது. முன்னே இரண்டு நீண்ட உணர்கொம்புகள், சிறு சிறு கணுக்கள் கோத்தவை. தலையின் இருபுறமும் சின்னஞ்சிறு தனிக்கண்கள் கொத்தாக இருக்கும். ஒளியா இருளா என்று அறியப் போதும், உருவம் காணப் போதாது. கண்கொத்துக்கும் உணர்கொம்புக்கும் இடையே ஒரு சிறு குழி உண்டு. ஹங்கேரிய ஆய்வாளர் டோமோஷ்வாரியின் பெயரால் அதை டோமோஷ்வாரி உறுப்பு என்கிறார்கள். அது ஓர் உணர்வுறுப்பு. இந்தக் குழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பூரானுக்கு அது கிடையாது.

தலைக்குக் கீழே நச்சுக்கொடுக்கு. அதன் அடித்தகட்டின் முன்விளிம்பில் கருத்த சிறு பற்கள் வரிசையாக இருக்கும். கல்பூரான்களில் 1,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு; ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய இந்தப் பற்களை எண்ணுவார்கள், கண்களை எண்ணுவார்கள், உணர்கொம்பின் கணுக்களை எண்ணுவார்கள். ஒவ்வொரு காலின் ஒவ்வொரு கணுவிலும் எந்தப் பக்கம் எத்தனை முள் என்று அட்டவணை போடுவார்கள். கடைசி நான்கு ஜோடிக் கால்களின் அடிப்பாகத்தில் நுண்துளைகள் வரிசையாக இருக்கும். அவை வட்டமா நீள்வட்டமா, எத்தனை என்பதும் அடையாளம்தான். ஆண் என்றால் கடைசிக் கால்களில் உள்ள பள்ளமும் புடைப்பும், பெண் என்றால் பின்முனையில் உள்ள சிறு பற்றுறுப்பின் நகமும் முள்ளும். நகக்கண் அகல உயிர் ஒன்றுக்காக ஒரு மனிதர் ஆயுள் முழுதும் நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறார் என்றால், அதை வீண் வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குனிவுக்குள் ஒரு மரியாதை இருக்கிறது.

இனி முதுகு. அங்கேதான் இந்த உயிரின் அழகு. 15 ஜோடிக் கால்களுக்கு 15 முதுகுத்தகடுகள். ஆனால் அவை ஒரே அளவில் இல்லை. ஒன்று நீளம், அடுத்தது குட்டை, அடுத்தது நீளம், அடுத்தது குட்டை. இப்படி மாறி மாறி ஏழு வரை வருகிறது. ஏழாவது நீளம்; எட்டாவது குட்டையாக வர வேண்டும். வரவில்லை. எட்டாவதும் நீளம். அதன்பின் ஒன்பதாவது குட்டை, பத்தாவது நீளம் என்று பழையபடி மாறுதல் தொடர்கிறது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் தாளம் ஓரிடத்தில் ஓர் அடி பிசகி, பிசகிய இடத்திலிருந்தே புதிதாகத் தொடங்குகிறது. மூச்சுத்துளைகளும் இதற்கேற்பவே அமைகின்றன. உடலின் பக்கவாட்டில், 3, 5, 8, 10, 12, 14 ஆகிய கண்டங்களில் ஜோடி ஜோடியாகத் துளைகள். மூன்று, ஐந்து, பிறகு ஏழைத் தாண்டி எட்டு. இந்த எண்களை நான் மீண்டும் எடுப்பேன்.

1758-இல் லின்னேயஸ் விலங்குகளுக்கெல்லாம் பெயர் வைத்தபோது, இவை எல்லாவற்றையும் ஸ்கோலோபென்ட்ரா என்ற ஒரே பேரினத்தில்தான் போட்டார். ஐரோப்பியத் தோட்டத்துக் கல்பூரானும், வெப்பநாடுகளெங்கும் பரவி நம் ஊரிலும் வாழும் ஸ்கோலோபென்ட்ரா மோர்சிடான்ஸும், சுவரில் ஓடும் நெடுங்கால் பூரானும் அன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1814-இல் ஆங்கிலேயர் லீச் கல்பூரானைப் பிரித்து லித்தோபியஸ் என்று தனிப் பேரினமாக்கினார். அதன்பின் நூறாண்டு காலம் பிரிவினைதான். இன்று பூரான் வகுப்பில் ஐந்து வரிசைகள்: நெடுங்கால் பூரான், கல்பூரான், நம் பெரிய பூரான், மண்ணில் ஊரும் நூல் பூரான், பிறகு டாஸ்மேனியாவிலும் நியூசிலாந்திலும் மட்டும் இரண்டே இனங்களாக வாழும் கிரேட்டரோஸ்டிக்மஸ். ஐந்து என்று பிரித்ததில் பெரிய தகராறு இல்லை. இந்த ஐவரில் யாருக்கு யார் நெருக்கம் என்பதில்தான் தகராறு.

ஒரு தரப்பு பிறப்பைப் பார்த்தது.

நம் பூரான் தாயாகும்போது என்ன செய்கிறது என்று பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். கல்லடியிலோ மண்வளையிலோ முட்டைக் குவியலை இட்டு, அதைச் சுற்றி உடலை வளைத்துக்கொள்கிறது. 42 கால்களால் முட்டைகளைத் தாங்கித் தரையில் படாமல் வைத்திருக்கிறது. பூஞ்சை பிடிக்காதபடி ஓயாமல் நக்கித் துடைக்கிறது. வாரக்கணக்கில் இரை தேடிப் போவதில்லை. குஞ்சுகள் பொரித்துத் தோலுரித்துத் தாமே ஓடும் வரை அணைப்பைத் தளர்த்துவதில்லை. நாம் செருப்பால் அடிக்கும் உயிர்தான் இது. அந்த அணைப்புக்குள்ளிருந்து வெளிவரும் குஞ்சுக்கு முதலிலேயே 21 ஜோடிக் கால்களும் உண்டு. நூல் பூரானும் அப்படியே. தாய் வளைந்து காக்க, குஞ்சு முழுக் கால்களோடு பிறக்கிறது.

கல்பூரான் தாய்க்கு வேறு வழக்கம். ஆணும் பெண்ணும் உடலால் கூடுவதில்லை. ஆண் ஒரு சிறு வலை பின்னி அதில் விந்துப்பையை வைக்க, பெண் எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு முட்டையாக இடுகிறது. பின்முனைப் பற்றுறுப்பால் முட்டையைப் பிடித்து, மண்ணில் உருட்டி, மேலெல்லாம் மண் ஒட்டும்படி பூசி, மண்ணோடு மண்ணாகத் தெரியாதபடி வைத்துவிட்டுப் போய்விடும். அணைப்பு இல்லை, மறைப்பு உண்டு. அதுவும் ஒரு காப்புதான், தனக்குத் தெரிந்த அளவில். அந்த முட்டையிலிருந்து வருவது ஏழு ஜோடிக் கால்களோடு மட்டும் வருகிறது. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் கால்கள் கூடுகின்றன: ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு, கடைசியில் பதினைந்து. நெடுங்கால் பூரானின் குஞ்சு இன்னும் எளியது; நான்கு ஜோடியில் தொடங்கி அதுவும் பதினைந்தில் வந்து நிற்கும்.

1880-இல் ஹாஸே என்ற ஜெர்மானியர் இதையே அளவுகோலாக எடுத்தார். முழுக் காலோடு பிறப்பவை ஒரு கட்சி, வளர்ந்து வளர்ந்து கால் பெறுபவை இன்னொரு கட்சி. இந்தக் கணக்கில் கல்பூரானும் நெடுங்கால் பூரானும் ஒரே பக்கம். பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. இரண்டுக்கும் 15 ஜோடி. இரண்டின் தலையிலும் டோமோஷ்வாரி குழி. இரண்டும் குறைந்த காலோடு பிறந்து நிறைவடைபவை. இதற்கு மேல் உறவுக்கு என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு தரப்பு மூச்சைப் பார்த்தது. நெடுங்கால் பூரானுக்கு மூச்சுத்துளைகள் முதுகின் நடுவே, தகட்டின் பின்விளிம்பில், ஒற்றை ஒற்றையாக அமைந்தவை. அவற்றின் உள்ளே நுரையீரல்போல ஓர் அமைப்பு. ஆக்ஸிஜனை ஏற்றிச் செல்ல இரத்தத்தில் செம்பு கலந்த நிறமி. மற்ற நான்கு வரிசைகளுக்கும் துளைகள் உடலின் இரு பக்கங்களிலும், ஜோடி ஜோடியாக. அங்கிருந்து நுண்குழாய்கள் கிளைத்துக் காற்றை உறுப்புகளுக்கே நேராகக் கொண்டுபோகின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்ஹோஃப் என்ற ஜெர்மானியர் இதை அளவுகோலாக்கினார். முதுகால் மூச்சுவிடுபவை தனி, பக்கத்தால் மூச்சுவிடுபவை தனி. இந்தக் கணக்கில் கல்பூரான் கட்சி மாறி, சேலத்துப் பூரான் பக்கம் வந்து நிற்கிறது.

அந்தச் சமயத்தில்தான், 1902-இல், லண்டனில் இருந்த போக்காக் டாஸ்மேனியாவிலிருந்து வந்த கிரேட்டரோஸ்டிக்மஸை விவரித்து எழுதினார். எவ்வளவு விந்தையான உயிர் அது! கால்கள் 15 ஜோடி, கல்பூரானைப்போல. முதுகுத்தகடுகளோ 21, நம் பூரானின் எண். குஞ்சு 12 ஜோடிக் கால்களோடு பொரித்து 15-க்கு வளர்கிறது என்பதும், தாய் முட்டைகளைச் சுற்றி வளைந்து காக்கிறது என்பதும் பின்னால் தெரியவந்தன. குறைந்த காலோடு பிறப்பதும் உண்டு, தாயின் அணைப்பும் உண்டு. பிறப்பை வைத்துப் போட்ட கோடு அதன் உடல்மீதே விழுந்து அழிந்துபோனது. இன்றும் அதன் சரியான இடம் எது என்பதில் இழுபறி இருக்கிறது. உருவத்தைப் படிப்பவர்கள் அதை நம் பூரானுக்கு அருகே வைக்க, மரபணுக்களைப் பேரளவில் படித்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று அதைத் தள்ளி வைத்தது. அது சரியானால், தாயின் அணைப்பு பூரான் குலத்தில் இருமுறை தோன்றியிருக்க வேண்டும், அல்லது கல்பூரான் அதை ஒரு காலத்தில் பெற்றிருந்து இழந்திருக்க வேண்டும்.

ஆனால் பிறப்பா மூச்சா என்ற பெரிய வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மூச்சுதான் வென்றது, மரபணுக்களும் அதையே உறுதி செய்தன. கல்பூரான் நம் பூரானுக்கே நெருங்கிய சொந்தம். நெடுங்கால் பூரானோடு அதற்கு அத்தனை ஒற்றுமை இருந்தும், அந்த உறவு தூரத்து உறவுதான்.

ஏன் அப்படி? எண்ணிக்கையில் பார்த்தால் நெடுங்கால் பூரானோடுதான் அதிக ஒற்றுமை. அதிக ஒற்றுமை உள்ளது தோற்று, ஒரே ஒரு ஒற்றுமை வென்றது எதனால்? இதற்கு விடை சொன்னவர் பூரானை ஆராய்ந்தவர் அல்லர். ஈக்களை ஆராய்ந்தவர், வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியர். 1950-இல் வெளிவந்த அவருடைய நூல் உயிரியல் வகைப்பாட்டின் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. அவர் சொன்னதைச் சேலத்துப் பாஷையில் சொன்னால் எளிதாகப் புரியும். ஒரு குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் எல்லோரும் பங்காளிகள். ஆனால் அந்த நூறு குடும்பங்களில் எந்த இரண்டு குடும்பம் நெருங்கிய பங்காளி என்று கேட்டால், "இரண்டு பேருக்கும் ஒரே குலதெய்வம்" என்ற பதில் எதற்கும் உதவாது. அது நூறு பேருக்கும் பொது. நான்கு தலைமுறைக்கு முன் ஒரு பாட்டனார் தனியே பிரிந்துபோய் ஒரு கிணறு வெட்டினார். இன்று அந்தக் கிணற்றில் பங்குள்ளவர்கள் யார் யார்? அவர்கள்தான் நெருங்கியவர்கள். நெருக்கத்துக்குச் சாட்சி, எல்லோரும் பெற்ற பழையது ஆகாது. சிலர் மட்டும் சேர்ந்து பெற்ற புதியதே ஆகும்.

15 ஜோடிக் கால் பழையது. கொஞ்சம் காலோடு பிறந்து வளர்வதும் பழையது. பூரான் குலத்தின் முதல் தாய்க்கே இருந்தவை அவை. கல்பூரானும் நெடுங்கால் பூரானும் அவற்றை இழக்காமல் வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். இழக்காமல் வைத்திருப்பது இருவரை இன்னும் நெருங்கிய சொந்தமாக்குவதில்லை. பக்கவாட்டில் ஜோடி ஜோடியாகத் திறந்து, கிளைக்குழாய்களால் காற்றைக் கொண்டுபோகும் மூச்சு புதியது. அதை ஒரு மூதாதை பெற்றது. அந்த மூதாதையின் வழிவந்த நால்வர் மட்டும் இன்றும் அப்படி மூச்சுவிடுகிறார்கள்.

இதைப் படித்தபோது பூரானைத் தாண்டி என் மனம் சென்றது. நாம் ஒருவரையொருவர் எடைபோடும்போது பெரும்பாலும் கால்களைத்தான் எண்ணுகிறோம். எத்தனை விஷயங்களில் ஒத்துப்போகிறோம் என்று கூட்டிப் பார்க்கிறோம். கூட்டுத்தொகை பெரிதானால் நெருக்கம் என்கிறோம். ஆனால் ஒற்றுமைகளுக்கு வயது உண்டு. எப்போது, யாரிடமிருந்து, யாரோடு சேர்ந்து பெற்றோம் என்று கேட்காமல் அவற்றைக் கூட்டக்கூடாது. ஜங்ஷன் வந்த பிறகு வேலைக்காகப் பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சூரமங்கலத்துத் தெருக்களில் வாழ்கிறார்கள். மூதாதைகள் வேறு, தெய்வங்கள் வேறு, சில வீடுகளில் தாய்மொழியும் வேறு. பழையதில் பொது என்று பெரிதாக எதுவுமில்லை. இங்கே வந்தபின் சேர்ந்து பெற்றது உண்டு. அதை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஹென்னிக்கின் அளவுகோல் அதற்கும் பொருந்தும் என்று நான் மனதார நம்புகிறேன்.

ஆனால் பழையதைத் தள்ளிவிடக் கூடாது. அதற்கும் ஒரு சாட்சியம் உண்டு. அது வேறு கேள்விக்கான சாட்சியம். அந்த மூன்று, ஐந்து, எட்டை இப்போது எடுக்கிறேன்.

நம் பூரானின் முதுகில் நீளம், குட்டை என்ற மாறுதல் பளிச்சென்று தெரியாது. தகடுகள் ஏறக்குறைய ஒரே அளவாகத் தோன்றும். கால்களோ 21 ஜோடி. கல்பூரானைவிட ஆறு கண்டம் கூடுதல். உடலே புதிதாக எழுதப்பட்டதுபோல் இருக்கும். ஆனால் பக்கத்தில் குனிந்து மூச்சுத்துளைகளை எண்ணுங்கள். ஸ்கோலோபென்ட்ராவுக்கு 3, 5, 8, 10, 12, 14 ஆகிய கண்டங்களில் துளைகள். பிறகு கூடுதலாக வந்த கண்டங்களில் 16, 18, 20. முதல் ஆறு எண்களும் கல்பூரானின் அதே எண்கள். அதே மூன்று, அதே ஐந்து, ஏழைத் தாண்டி அதே எட்டு. தாளம் பிசகிய இடம் முதுகில் மங்கிப்போனாலும் மூச்சில் மங்கவில்லை. நெடுங்கால் பூரானிலும் ஏழுக்கும் எட்டுக்கும் இடையே அந்தப் பிசகு உண்டு. அங்கே முதுகில் ஒரே பெருந்தகடாக அது தெரிகிறது.

பூரான் குலத்தின் மிகப் பழைய எச்சங்கள் சுமார் 42 கோடி ஆண்டுக்கு முந்தையவை. சூரமங்கலத்துக் கொல்லையில் கிடக்கும் கருங்கல் அதைவிடப் பல மடங்கு பழையது. சேலத்துப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் உருவானவை. அந்தக் கல்லின் அடியில் கிடக்கும் உயிருக்குள், 42 கோடி ஆண்டாக ஒரு கணக்கு கைமாறி வந்திருக்கிறது. ஐரோப்பியத் தோட்டத்துக் கல்லடியிலும் சேலத்துத் துவைகல்லின் அடியிலும் அதே கணக்கு. அந்தப் பழைய பிசகு எந்த இரண்டு பூரான்கள் நெருங்கியவை என்று சொல்லாது. இவை எல்லாம் ஒரே வீடு என்பதை மட்டும் சொல்லும். அதைச் சொல்ல அது போதும். பழையதும் புதியதும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. ஒன்றின் விடையை மற்றதற்கு வைத்தால்தான் நாம் தடுக்கி விழுகிறோம், பூரானிலும் மனிதரிலும்.

இந்தியப் பூரான்களை இந்தியர்களே ஆழமாகப் படித்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பி. எஸ். ஜங்கி ஸ்கோலோபென்ட்ராவின் உடலை உறுப்பு உறுப்பாக விவரித்து 1966-இல் ஒரு நூல் எழுதினார். தக்காணத்துப் பூரான்களை வகைப்படுத்தும் பெரிய கட்டுரையை 1984-இல் தாஸுடன் சேர்ந்து வெளியிட்டார். இப்போது ஹைதராபாத்திலுள்ள சிசிஎம்பி ஆய்வகத்தில் ஜானவி ஜோஷியும் அவர் குழுவினரும் மரபணுக்களோடு இந்த வேலையைத் தொடர்கிறார்கள். எத்மோஸ்டிக்மஸ் என்ற பெரிய பூரான் பேரினத்தில் மட்டும் மூன்று புதிய இனங்கள் 2018-இல் விவரிக்கப்பட்டன. தீபகற்ப இந்தியா மற்ற நிலங்களிலிருந்து பிரிந்தபின் அந்தப் பேரினம் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் கிளைத்து, அங்கிருந்து கிழக்குத்தொடர்ச்சி மலைகளுக்கும் பரவியது என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதில் ஓர் இனத்துக்குக் குன்னூரின் பெயரையே 1920-இல் சேம்பர்லின் சூட்டியிருந்தார். நம் மலைகளின் கதை இந்தக் கால்களில் எழுதப்பட்டிருக்கிறது. வேறெந்த ஏட்டிலும் அது இல்லை.

சேலத்துப் பள்ளிகளில் தவளையை அறுத்துக் காட்டும் வழக்கம் போய்விட்டது, நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் எந்த வீட்டிலாவது ஒரு பூரான் அடிபடாமல் இருக்கப்போவதில்லை. அதை ஸ்பிரிட்டில் போட்டு ஒரு பாட்டிலில் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லலாம். முதலில் கால்களை எண்ணட்டும். பிறகு பத்து ரூபாய் லென்ஸை வைத்துக்கொண்டு, கண்டம் கண்டமாகப் பக்கவாட்டில் துளைகளைத் தேடட்டும். மூன்றில் இருக்கும். ஐந்தில் இருக்கும். ஏழில் வந்ததும் நின்று பார்க்க வேண்டும். அங்கே துளை இல்லையென்றால் அது ஸ்கோலோபென்ட்ராவாக இருக்கலாம். இருந்தால் அது வேறு கிளை: நம் சமவெளியில் தாராளமாக வாழும் ரைசிடா, அல்லது மலையோரத்து எத்மோஸ்டிக்மஸ். அவற்றுக்கு ஏழாவது கண்டத்திலும் மூச்சுத்துளை உண்டு. ஒன்பது ஜோடித் துளை பத்தாகிறது. அந்த ஒரு துளையை ஒரு பெண் தன் லென்ஸில் கண்டுபிடித்து, நோட்டில் எண்ணை எழுதி, ஆசிரியையிடம் "மிஸ், இதுல ஏழுலயும் இருக்கு" என்று சொல்வாளேயானால், அவள் லீச்சும் போக்காக்கும் ஜங்கியும் செய்த அதே வேலையைத்தான் செய்திருக்கிறாள்.